ஆடிட்டர் குமரப்பா

பொருளாதாரம் இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அதில் உண்மையான வருமானம் எவ்வளவு, முதலையே கரைத்துச் சாப்பிட்டது எவ்வளவு என்று 1945-லேயே கேட்டவர் ஒரு ஆடிட்டர். அவர்தான் ஜே.சி. குமரப்பா.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் தணிக்கைக் கல்வி முடித்து, பம்பாயில் தொழில் நடத்தினார். 1927-ல் அமெரிக்கா சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி பற்றி ஆராய்ந்தபோதுதான், பிரிட்டிஷ் அரசின் வரியும் செலவும் இந்தியாவை எப்படி வறுமையில் தள்ளின என்பது அவருக்குப் பிடிபட்டது.

அந்த ஆய்வை வெளியிடும் விஷயமாக 1929 மே மாதம் சபர்மதி சென்றார். மரத்தடியில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவர்தான் காந்திஜி என்பது முதலில் அவருக்குத் தெரியவில்லையாம்! காந்திஜி ஆய்வை 'யங் இந்தியா'வில் வெளியிட்டார். கூடவே, குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை ஸர்வே செய்யும் வேலையையும் ஒப்படைத்தார். பம்பாய்த் தொழில் அத்தோடு போயிற்று.

1934 பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு இவர் பொறுப்பில் இருந்தது. காந்திஜியும் உடன் வந்தவர்களும் அங்கே தங்கிய செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று மகாதேவ தேசாயிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆடிட் ஆட்சேபணைகளோடு காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு இந்தச் சம்பவம் தனி ருசி.

அதே வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. அதன் செயலாளராக வார்தா மகன்வாடியில் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி என்று பரீட்சை செய்தார். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' அங்கு உருவானதுதான். மில்லில் தீட்டிய அரிசியைப் பற்றி அவர் சொன்னது நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதல்ல: தவிட்டோடு சத்தும் போகிறது, உலக்கை பிடித்தவளின் கூலியும் போகிறது.

ஜபல்பூர் சிறையில் 'நிலைத்த பொருளாதாரம்' என்ற நூலை ஆங்கிலத்தில் எழுதினார். காந்திஜி முன்னுரை அளித்தார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. ஓடும் நீர், வளரும் மரம் போன்றவை திரும்பத் திரும்ப வரும் வரவு. இருப்பை நம்பி வாழும் நாடுகள் அதற்காகச் சண்டை போட்டே தீரும் என்பது அவர் கணிப்பு. ஒரு லட்சம் ஜனங்களுக்குச் சரிவிகித உணவு கிடைக்க எந்தெந்தப் பயிருக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்றும் அட்டவணை போட்டிருக்கிறார். சயன்ஸ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்தது அந்த அட்டவணைதான். நலம் என்பதை ரூபாயில் அளக்காமல் தட்டில் விழும் சோற்றில் அளக்கிறார்.

1949-ல் அவர் தலைமையிலான காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு அறிக்கை கொடுத்தது. அதே வருஷம்தான் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழுவும் அமைந்தது. நாடு பின்னதன் வழியில் போயிற்று. சிறையில் உடனிருந்தவர்கள் மந்திரிகளான பிறகும் இவர் விமர்சனத்தைக் குறைக்கவில்லை. ஆகவே ஒதுங்க நேர்ந்தது.

டிராக்டர், ரசாயன உரம் விஷயத்தில் அவருடைய பிடிவாதம் எனக்கு முழுக்க உடன்பாடில்லை. 1960-களில் கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து ரேஷன் கடையில் நின்ற தலைமுறை நான். ஆனால் பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவதைப் படிக்கும்போது, விளைச்சலை வரவில் எழுதிய நாம் தண்ணீரை எந்தப் பக்கம் எழுதினோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி வருஷங்களை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்திஜி மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார். 1973-ல் ஷூமாக்கர் 'சிறியதே அழகு' நூலை எழுதியபோது, வேலை என்பது மனிதனுக்கு என்ன செய்கிறது என்ற இடத்தில் குமரப்பாவைத்தான் சாட்சிக்கு அழைத்தார்.