பதிவுப் புத்தகத்தில் இல்லாத பெயர்

எங்கள் வீட்டு லொறியின் பதிவுப் புத்தகத்தில் வாப்பாவின் பெயர் மட்டுமே இருக்கிறது. அந்த லொறியை வாங்குவதற்காக உம்மா தன் தங்கக் காப்புகளை விற்றார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் அதைப் பற்றி ஒருபோதும் யோசித்ததில்லை. மோட்டார் வாகனங்களின் வரலாற்றை நூலகத்தில் வாசித்த ஒரு நாளில்தான் அது என் நினைவுக்கு வந்தது. காரைக் கண்டுபிடித்தவர் கார்ல் பென்ஸ் என்று நாம் பாடமாக்கியிருக்கிறோம். அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸைப் பற்றி அன்றுவரை எனக்கு எதுவும் தெரியாது.

பேர்த்தா 1849 மே 3ஆம் திகதி, ஜேர்மனியின் போர்ஸைம் நகரில் வசதியான ஒரு குடும்பத்தில் பிறந்தார். இவரும் பெண்ணாகப் பிறந்துவிட்டாரே என்ற ஏமாற்றத்தை வீட்டார் குடும்ப வேதநூலில் எழுதி வைத்திருந்தார்கள் என்றும், சிறுமியாக இருந்தபோது பேர்த்தா அதை வாசித்து மனம் வருந்தினார் என்றும் சொல்லப்படுகிறது. இந்த இடத்தை வாசித்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது.

வளர்ந்த பின் அவர் கார்ல் பென்ஸ் என்ற ஏழைப் பொறியியலாளரை மணம் முடிக்கத் தீர்மானித்தார். 1871இல் கார்ல் ஒரு பங்காளியுடன் சேர்ந்து மான்ஹைம் நகரில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். அந்தப் பங்காளி நம்பிக்கைக்குரியவராக இல்லாததால் பட்டறையே கைவிட்டுப் போகும் நிலை வந்தது. அப்போது பேர்த்தா தன் சீதனப் பணத்தைத் திருமணத்துக்கு முன்பே பெற்று, பங்காளியின் பங்கை வாங்குவதற்குக் கொடுத்தார். அடுத்த வருடம் இருவருக்கும் திருமணம் நடந்தது.

நமது மார்க்கத்தில் மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது. மஹரும் அவளுக்கே சொந்தம். அன்றைய ஜேர்மனியின் சட்டம் அப்படி இருக்கவில்லை. திருமணமாகாத பெண்ணாகத் தன் பணத்தைத் தொழிலில் இட்ட பேர்த்தா, மனைவியானதும் அந்த உரிமையை இழந்தார்.

அதற்குப் பின் வந்தவை வறுமையான வருடங்கள். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கணவரின் பரிசோதனைகளுக்கும் அவர் துணையாக இருந்தார். 1879ஆம் ஆண்டின் கடைசி இரவில், பட்டறையில் கார்லின் இயந்திரம் முதன்முதலாகச் சீராக ஓடியபோது பேர்த்தாவும் பக்கத்தில் நின்றார். 1886 ஜனவரி 29ஆம் திகதி, பெற்றோலிய எரிபொருளில் ஓடும் மூன்று சக்கர வண்டிக்காகக் காப்புரிமை கோரப்பட்டது. அதன் இலக்கம் 37435. அந்தப் பத்திரத்தில் இருந்தது கார்லின் பெயர் மட்டுமே.

வண்டி பிறந்துவிட்டது, ஆனால் வாங்குவதற்கு ஆட்கள் வரவில்லை. குதிரையில்லாத வண்டியைக் கண்டு மக்கள் சிரித்தார்கள். கார்லும் அதை நெடுந்தூரம் ஓட்டிக் காட்டத் தயங்கினார். பேர்த்தா தயங்கவில்லை.

1888 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, கணவருக்குத் தெரியாமல் அவர் வண்டியை வெளியே எடுத்தார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய மகன்மார் இருவரும் கூடவே சென்றார்கள். யூஜினுக்கு வயது 15, ரிச்சார்டுக்கு 13. தாய்வீடு இருந்த போர்ஸைமுக்குத்தான் பயணம். தூரம் 100 கிலோமீற்றருக்கும் அதிகம். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் இவ்வளவு தூரம் ஓடியதில்லை.

அந்தக் காலத்தில் பெற்றோல் நிலையம் என்று ஒன்று ஏது? கறை நீக்குவதற்காக மருந்துக்கடைகளில் விற்ற லிக்ரோயின் என்ற திரவமே எரிபொருள். வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் பேர்த்தா அதை வாங்கி ஊற்றினார். இன்று அந்தக் கடையை உலகின் முதல் பெற்றோல் நிலையம் என்று கொண்டாடுகிறார்கள்.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தன் தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியால் அவர் அதைக் குத்தித் திறந்தார். தீப்பொறி தரும் மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறை நழுவாமல் கட்டும் பட்டியை எடுத்துச் சுற்றினார். சங்கிலியைச் சரிசெய்ய ஒரு கொல்லரின் உதவியைப் பெற்றார். இயந்திரம் சூடாகும்போதெல்லாம் தண்ணீர் தேடி ஊற்றினார்கள். மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் தடைக்கட்டைகள் தேய்ந்து போயின. செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றுக்குத் தோல் பொருத்துவித்தார்.

இருட்டும் வேளையில் போர்ஸைமை அடைந்ததும் கணவருக்குத் தந்தி அனுப்பினார். சில நாட்களில் அதே வண்டியிலேயே வீடு திரும்பினார்.

அவர் கொண்டு வந்தது வெற்றிச் செய்தி மட்டுமல்ல. மேடு ஏற இன்னொரு கியர் தேவை, தடைகளுக்குத் தோல் தேவை என்று குறைகளையும் கண்டறிந்து வந்திருந்தார். அவை திருத்தப்பட்டன. அடுத்த மாதமே மியூனிக் நகரக் கண்காட்சியில் அந்த வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1899இல் பென்ஸ் நிறுவனம் 572 வண்டிகளைச் செய்தது. அப்போது உலகின் மிகப்பெரிய கார் உற்பத்தியாளர் அதுதான்.

முதுமையில் தன் நினைவுகளை எழுதிய கார்ல், எல்லோரும் கைவிட்ட நாட்களில் தன்னோடு நின்றவர் மனைவி ஒருவரே என்று நன்றியோடு குறிப்பிட்டார். அவர் 1929இல் காலமானார். பேர்த்தாவுக்கு 95ஆவது பிறந்தநாளன்று கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ செனட்டர் என்ற பட்டத்தை வழங்கியது. இரண்டு நாட்களின் பின், 1944 மே 5ஆம் திகதி, அவரும் கண்மூடினார். அவர் சென்ற பாதை இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

பெண்ணாகப் பிறந்துவிட்டாரே என்று வருந்தப்பட்ட ஒருவரின் துணிவால்தான் உலகம் காரை நம்பத் தொடங்கியது. ஆனாலும் அவருடைய பெயரை நான் இவ்வளவு காலம் சென்றே அறிந்துகொண்டேன். சட்டம் உரிமை கொடுக்காதது அவருடைய காலத்தின் குறை. மார்க்கம் நமக்கு உரிமை தந்திருந்தும், உம்மாமாரின் பங்கை மறந்துவிடுவது நமது குறை.

அன்று வீட்டுக்கு வந்து உம்மாவிடம் காப்புகளைப் பற்றிக் கேட்டேன். அதெல்லாம் பழைய கதை என்று சிரித்துவிட்டு அவர் சமையலைப் பார்க்கப் போனார். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. சற்று நேரம் முற்றத்தில் நின்ற லொறியையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி யாராவது அது யாருடைய லொறி என்று கேட்டால், எங்கள் உம்மாவுடையதும் வாப்பாவுடையதும் என்றே சொல்வேன்.