தொட்டியைக் கவிழ்த்த மருத்துவர்

சென்ற மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலால் நம் வகுப்புகளில் காலியாகக் கிடந்த இருக்கைகளை நாம் மறக்கவில்லை. கொசுவோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரின் வரலாற்றை இவ்வேளையில் அறிந்துகொள்வோம்.

ரொனால்ட் ராஸ் 1857-இல் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். கவிதையிலும் ஓவியத்திலும் நாட்டம் கொண்ட அவர், தந்தையின் விருப்பத்திற்காகவே மருத்துவம் பயின்று, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

1883-இல் பெங்களூரில் அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத் தொல்லை மிகுதி. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார். கொசுக்கள் குறைந்தன. படை அதிகாரிகளின் உணவுக்கூடத்திலும் பூச்சாடிகளிலும், மேசைக் கால்களின் கீழ் வைத்த தகரக் கிண்ணங்களிலும் புழுக்கள் இருந்தன. அவற்றையும் கொட்டிவிடலாம் என்றார் ராஸ். பொறுப்பிலிருந்த அதிகாரியோ, கொசுவும் ஏதோ ஒரு நோக்கத்தோடு படைக்கப்பட்டதே, அதைப் பொறுத்துக்கொள்வது நம் கடமை என்று மறுத்துவிட்டார். நமக்கு அறிவைப் படைத்தவரும் அதே இறைவன்தான் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை போலும்!

மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்புண்டு என்று 1894-இல் லண்டனில் மருத்துவர் மான்சன் கூறியது ராஸின் மனத்தில் ஆழப் பதிந்தது. 1895 முதல் ஈராண்டுகள் கொசுக்களை அறுத்து அறுத்துப் பார்த்தார். செகந்திராபாத் வெயிலில், விசிறினால் கொசு பறந்துவிடும் என்று புழுக்கத்திலேயே அமர்ந்திருந்தார். வியர்வையால் நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. உசேன் கான் என்ற நோயாளி, தம்மைக் கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் பெற்றார். 1897 ஆகஸ்டு 20 அன்று புள்ளிச் சிறகுக் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் ராஸ். மறு ஆண்டு கல்கத்தாவில், கொசுக் கடியே நோயைப் பரப்புகிறது என்பதைப் பறவைகளைக் கொண்டு நிறுவினார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார்; 1932-இல் காலமானார்.

பரிசைவிட நம்மைக் கவர்வது வேறு. 1901-இல் ஆப்பிரிக்காவின் பிரீடவுன் நகரில் ஆட்களை அமர்த்திக் குட்டைகளை நிரப்பச் செய்தார். தெருவில் கிடந்த தகர டப்பாக்களை வாரி அகற்றச் செய்தார். பெங்களூரில் மறுக்கப்பட்ட வேலைதான் அது!

மலேரியாவைத் தேடியபோது அவர் பயனில்லை என ஒதுக்கிய வரிக் கொசுவே இன்று டெங்குவைப் பரப்புகிறது. சேலம், நாமக்கல் வீடுகளில் குடிநீர் டிரம், ஆட்டுக்கல் குழி, எறும்புக்காக அலமாரிக் கால்களில் வைக்கும் கிண்ணம் எல்லாம் அதற்குத் தொட்டில்களே. அதன் முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரந்தோறும் தேய்த்துக் கழுவவும் வேண்டும். மாதா கெபியின் பூச்சாடிகளை நாம் இப்போது வெள்ளிக்கிழமைகளில் தேங்காய் நார் கொண்டு தேய்த்து வருகிறோம்.