துயருக்கு முந்திய ஆறுதல்: பவுல் கெர்ஹார்ட்

கிறிஸ்தவ உலகில் நெடுங்காலம் வழங்கிவந்த கதை ஒன்று உண்டு. ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகிப் பெர்லின் நகரை விட்டுத் துரத்தப்பட்ட போதகர் ஒருவர், மனைவி மக்களோடு வழியில் ஒரு விடுதியில் தங்குகிறார். நாளைய பொழுதை எண்ணி மனைவி கலங்கி அழுகிறார். அவரைத் தேற்றும் பொருட்டுப் போதகர் தோட்டத்திற்குச் சென்று, தம் வழியை ஆண்டவரிடம் ஒப்படைக்கும் பாடல் ஒன்றை எழுதிவந்து படித்துக் காட்டுகிறார். அன்றிரவே உதவி வந்து சேர்கிறது.

கேட்போர் உள்ளம் உருகும் கதைதான், ஆயினும் நடந்ததன்று. அப்பாடல் அச்சேறிய ஆண்டு 1653. போதகர் பதவி இழந்தது 1666இல். அவருடைய துணைவியார் 1668இல் பெர்லினிலேயே காலமானார். கவிஞர் அந்நகரை விட்டு நீங்கியது அதற்கு அடுத்த ஆண்டில். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், பவுல் கெர்ஹார்ட்டின் உண்மை வாழ்வு அந்தக் கதையைவிடக் கடுமையானது என்பது விளங்கும். பிறருக்கென்று தாம் முன்பே எழுதிவைத்த ஆறுதலுக்குள் பின்னாளில் தாமே குடிபுக வேண்டியவரானார் அவர்.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், கிரேஃபென்ஹைனிஷென் என்னும் சிற்றூரில், 1607ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் அவர் பிறந்தார். பதினான்கு வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். அவருக்குப் பதினொரு வயதானபோது தொடங்கிய முப்பதாண்டுப் போர், நாற்பத்தொரு வயதானபோதுதான் ஓய்ந்தது. 1637இல் சுவீடியப் படைகள் அவர் பிறந்த ஊரைத் தீக்கிரையாக்கின. அதே ஆண்டில் சகோதரர் கொள்ளைநோய்க்குப் பலியானார். விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றிருந்தும், திருச்சபைப் பதவி ஏதும் வாய்க்காமல், பெர்லினில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் ஆசிரியராகக் காலங்கழித்தார். மிட்டன்வால்டே என்னும் ஊரில் முதற்பதவி கிடைத்தபோது ஆண்டு 1651. வயது நாற்பத்து நான்கு.

காத்திருந்த அந்த ஆண்டுகளே அவருடைய கவிதையின் விளைநிலம். பெர்லின் நிக்கோலாய் ஆலயத்தின் இசைத்தலைவர் யோகான் குரூகர் 1647இல் வெளியிட்ட பாடல் நூலில் கெர்ஹார்ட்டின் 18 பாடல்கள் இடம்பெற்றன. 1653ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை எண்பதைத் தாண்டின. போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டுகள் ஆன அந்நிலத்தில், வானம்பாடியையும் நாரையையும் தேனீக்களையும் கோதுமை வயலையும் பாடும் கோடைப் பாடல் அதில் இருக்கிறது. விடுதிக் கதைக்குரிய பாடலும் அந்நூலிலேயே உள்ளது. அதன் 12 செய்யுள்களின் தொடக்கச் சொற்களைக் கோத்தால் சங்கீதம் 37இன் 5ஆம் வசனம் உருவாகும். நம் சித்திரகவிப் புலவர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் பாடுவோர் பலருக்கு அந்தக் கட்டுமானம் கண்ணிலேயே படுவதில்லை. அத்துணை இயல்பான நடை.

அவருடைய பாடல்களுள் மிகப் பரவலானது, சிலுவையில் முள்முடி சூடிய தலையை நோக்கிப் பாடப்படுவது. இடைக்கால இலத்தீன் பாடலொன்றின் வழிவந்த அது 1656இல் அச்சாயிற்று. அதன் மெட்டோ ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் அமைத்த காதல் பாட்டொன்றின் மெட்டு! பிற்காலத்தில் பாக் தம் மத்தேயு பாடுகளின் இசைநாடகத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கையாண்டார். 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஜெர்மானிய மிஷன் வழியே ஞானப்பாட்டு மரபு தமிழிலும் வேரூன்றியது. இப்பாடலும் அதே மெட்டோடு தமிழாயிற்று. பெரிய வெள்ளியன்று அதைப் பாடும் தமிழர் பலர் கெர்ஹார்ட்டின் பெயரை அறியார்.

1650இல் பெர்லின் போதகர் ஒருவரின் சிறுவயது மகன் இறந்தபோது, கெர்ஹார்ட் ஓர் இரங்கற்பா எழுதினார். அது தந்தையே பேசுவதாக அமைந்தது. மகன் தனக்கே உரியவன் என்று வழக்காடும் குரலில் தொடங்கி, தன்னினும் மிகுந்த உரிமையுடையவர் ஒருவர் இருக்கிறார் என்று மெல்ல மெல்ல இணங்கும் பாட்டு அது. நம் கையறுநிலைப் பாடல்கள் இழப்பின் முன் நின்றுவிடுவன. இது அதற்கு அப்பால் ஓரடி எடுத்து வைக்க முயல்கிறது. எழுதியவரோ அன்று மணமாகாதவர், தந்தைமை அறியாதவர்.

1655இல், தாம் ஆசிரியராயிருந்த வீட்டின் மகள் அன்னா மரியாவை மணந்தார். 1656 மே மாதம் முதற்குழந்தை மரியா எலிசபெத் பிறந்தாள். 1657 சனவரியில் இறந்தாள். மிட்டன்வால்டே ஆலயத்தில் பெற்றோர் அவளுக்கு ஒரு சிறு நினைவுப் பலகை வைத்தனர். அதில் தம் பாடலடி எதையும் கவிஞர் பொறிக்கவில்லை. முதுமையில் யாக்கோபு தன் வாழ்நாட்கள் கொஞ்சமும் கசப்புமாயிருந்தன என்று பார்வோனிடம் முறையிட்ட வசனத்தையே பொறித்தார். எட்டு மாதக் குழந்தைக்கு நூற்றுமுப்பது வயதுக் கிழவரின் சொல்! தேற்றும் சொற்களை எழுதத் தெரிந்தவர், தம் மகளின் கல்லறையில் தேற்றாத ஒரு சொல்லைத் தேர்ந்தார். அவருடைய நம்பிக்கை கண்ணீரை மறைப்பதற்கான திரை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வாண்டே பெர்லின் நிக்கோலாய் ஆலயத்திற்கு அழைக்கப்பட்டார். பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே மறைந்தனர். பவுல் ஃபிரீட்ரிக் ஒருவனே எஞ்சினான்.

பிராண்டன்பர்க் ஆட்சியாளர் ஃபிரெடரிக் வில்லியம் கால்வினியச் சபையினர். கெர்ஹார்ட் உறுதியான லூத்தரன். மேடையில் எதிர்ச்சபையைத் தாக்குவதில்லை என்று போதகர்கள் கையொப்பமிட வேண்டும் என்றது அரசாணை. கெர்ஹார்ட் மறுத்தார், 1666 பிப்ரவரியில் பதவி பறிபோனது. அவர் எவரையும் பழித்துப் பேசியவரல்லர் என்று நகரத்தாரும் தொழிற்குழுவினரும் விண்ணப்பித்தனர். 1667 தொடக்கத்தில் கையொப்பமின்றியே பதவியைத் திருப்பித் தர ஆட்சியாளர் இணங்கினார். ஆணையின் உட்கருத்தை அவர் தாமே கடைப்பிடிப்பார் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பே மனச்சான்றை உறுத்த, பதவியை ஏற்கவில்லை. இன்றைய கண்ணுக்கு இது வேண்டாத பிடிவாதமாகத் தோன்றலாம், ஓரளவு அப்படித்தான். ஆனால் விலையை அவரே செலுத்தினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அன்னா மரியா கண்மூடினார்.

யோகான் எபெலிங் அவருடைய 120 பாடல்களைத் தொகுத்து வெளியிட்டது இந்த 1666–67 ஆண்டுகளில்தான். பாட்டின் பெரும்பகுதி அதோடு முடிந்தது. பிராண்டன்பர்க்கின் எல்லைக்கு அப்பால், லூபன் என்னும் ஊரில், 1669 முதல் ஏழாண்டுகள் பணியாற்றினார். அங்கு அவர் பிரசங்கித்தார், மகனை வளர்த்தார். பாட்டு ஏறத்தாழ நின்றுவிட்டது. அந்த மௌனத்தைத் தோல்வியென்று கருத வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவை முன்பே சொல்லப்பட்டிருந்தன. பெர்லின் தேகல் சிறையில் 1943 முதல் அடைபட்டிருந்த இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் கெர்ஹார்ட்டின் பாடல்களில் ஆறுதல் கண்டதைத் தம் கடிதங்களில் குறித்திருக்கிறார். அவரும் பிறர் எழுதிவைத்த சொற்களில்தான் தங்கினார்.

1676 மே 27ஆம் நாள் கெர்ஹார்ட் லூபனில் உயிர் நீத்தார். சாவு நம்மைக் கொல்ல இயலாது என்னும் கருத்தமைந்த தம் பழைய பாடலொன்றின் அடிகளைச் சொல்லியபடியே இறந்தார் என்பது மரபு. அப்பாடலும் 1653ஆம் ஆண்டு நூலில் உள்ளதே. லூபன் ஆலயத்தில் வைக்கப்பட்ட அவர் உருவப்படத்தின் கீழ், சாத்தானின் சல்லடையில் புடைக்கப்பட்டவர் என்னும் பொருளில் இலத்தீனில் எழுதினார்கள். மகனுக்கென ஓர் அறிவுரை மடல் இருந்தது, பெரும்பொருள் இல்லை. தந்தை அனாதையானபோது இருந்த வயதுதான், ஏறத்தாழ, அப்போது பவுல் ஃபிரீட்ரிக்குக்கு.