ஓடும் குதிரையை நிறுத்தியவர்

குதிரை விரைந்து ஓடும்போது அதன் நான்கு குளம்புகளும் ஒரே கணத்தில் தரையைவிட்டு எழும்புவதுண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பந்தயக்காரர், ஓவியர், உடலியல் அறிஞர் ஆகிய முத்திறத்தாரும் ஓயாது வாதாடிய கேள்வி இது. கண்ணால் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. கால்களின் விரைவுக்குக் கண் ஈடுகொடுப்பதில்லை. பாரிஸ் நகரத்து மாரே என்னும் அறிஞர் குதிரையின் குளம்புகளில் ரப்பர்க் குமிழ்களைப் பொருத்தி, அவை நசுங்குவதைக் கோடுகளாக வரைய வைத்து, எழும்புவதுண்டு என்று 1873-இல் நூல் எழுதினார். ஆனால் கோட்டைக் கண்டு நம்புகிறவர் சிலர். படத்தைக் கண்டு நம்புகிறவரே பலர். அந்தப் படத்தை எடுத்தவர்தாம் எட்வர்ட் மைப்ரிட்ஜ்.

1830 ஏப்ரல் 9-ஆம் நாள் இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள கிங்ஸ்டனில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எட்வர்ட் மக்கரிட்ஜ். பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டே போனவர் அவர். இளமையிலேயே அமெரிக்கா சென்று, சான்பிரான்சிஸ்கோவில் புத்தக வியாபாரம் செய்தார். 1860-இல் அவர் பயணம் செய்த குதிரை வண்டி டெக்சாஸில் கவிழ்ந்து, தலையில் பலத்த அடிபட்டது. சிகிச்சைக்காக இங்கிலாந்து திரும்பியவர், 1867-இல் மீண்டும் சான்பிரான்சிஸ்கோவில் காணப்பட்டபோது புகைப்படக்காரராக இருந்தார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை அவர் எடுத்த படங்கள் அவருக்குப் பெரும் புகழைத் தந்தன.

அக்காலத்துப் புகைப்படத் தொழில் எத்தகையது என்று இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் காமிராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரம் காயுமுன்னரே கழுவியும் ஆக வேண்டும். இருட்டறையையும் உடன் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டும். அத்தகடு நீல ஒளிக்கே பெரிதும் இணங்கும். ஆகவே வானம் அளவுக்கு மீறி வெளுத்து, மேகமே தெரியாமற் போகும். வானப் பகுதிக்கு மட்டும் ஒளியைக் குறைத்துத் தரும் ஒரு மறைப்பானை மைப்ரிட்ஜ் அமைத்துக்கொண்டார். காட்சிக்கு ஒளி தருவது பல விநாடி நீளும். இத்தகைய தகட்டைக் கொண்டா ஓடும் குதிரையைப் பிடிப்பது?

பிடிக்கச் சொன்னவர் லேலண்ட் ஸ்டான்போர்டு. கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர், ரயில்வேக் கம்பெனித் தலைவர், பெருஞ்செல்வர், குதிரைப் பித்தர். இருபத்தையாயிரம் டாலர் பந்தயம் கட்டியே இதைத் தொடங்கினார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது. 1872-இல் ஆக்சிடென்ட் என்னும் குதிரையைக் கொண்டு செய்த முதல் முயற்சியில் மங்கலான நிழலுருவமே விழுந்தது.

இடையில் நிகழ்ந்ததை மறைப்பது முறையன்று. 1874 அக்டோபரில், தம் மனைவியின் காதலன் என்று தெரிந்த ஹாரி லார்க்கின்ஸ் என்பவரை மைப்ரிட்ஜ் தேடிச் சென்று சுட்டுக் கொன்றார். தலையில் பட்ட அடியால் சித்தம் கலங்கியவர் என்று வக்கீல் வாதாடினார். ஜூரிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் கணவன் செய்தது நியாயமே என்று கருதி 1875-இல் விடுவித்துவிட்டனர்! மனைவி அவ்வாண்டே இறந்தாள். சிறு குழந்தை அனாதை விடுதியில் வளர்ந்தது. மேதைகளின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியைச் சுவைக்காகச் சொல்வதுண்டு. அக்குழந்தையை நினைத்தால் எனக்கு அதில் சுவை தோன்றவில்லை.

1878 ஜூனில், பாலோ ஆல்ட்டோவிலிருந்த ஸ்டான்போர்டின் குதிரைப் பண்ணையில் சோதனை நடந்தது. இன்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் நிற்பது அந்த மண்ணிலேதான். பாதையோரம் 12 காமிராக்கள், 27 அங்குல இடைவெளியில், வரிசையாக நின்றன. எதிர்ப்புறம் வெள்ளைத் துணிச் சுவர், தரையிலும் வெண்சுண்ணம். சாலி கார்டனர் என்னும் பெட்டைக் குதிரை ஒரு மைலை 1 நிமிடம் 40 விநாடியில் கடக்கும் விரைவில் ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர். அரை விநாடி ஒளி கொடுத்தால் குதிரை 8 மீட்டர் போய்விடும். தகட்டில் புகைதான் மிஞ்சும். மைப்ரிட்ஜ் கொடுத்ததோ, அவர் கணக்கின்படி, விநாடியில் 2000-இல் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் குதிரையின் உடல் நகர்வது 8 மில்லிமீட்டர்தான்.

இந்த விரைவைக் கைவிரல் தராது. ஒவ்வொரு காமிராவின் முன்னும் இரண்டு பலகைகள். ஒன்று மேலே பாய, மற்றொன்று கீழே பாயும். இடையில் ஒரு கணம் வழி திறந்து மூடும். ரப்பர் இழுவிசை அவற்றை இழுக்கக் காத்திருக்க, மின்காந்தக் கொக்கி தடுத்து நிற்கும். பாதையின் குறுக்கே கட்டிய நூலைக் குதிரையின் மார்பு தள்ளியதும் மின்சுற்று இணைந்து கொக்கி விடுபடும். குதிரையே தன் படத்தை எடுத்துக்கொண்டது எனலாம். மின்சார அமைப்பில் ரயில்வே எஞ்சினியர் ஜான் ஐசக்ஸ் துணை புரிந்தார். தகடுகளைப் பத்திரிகைக்காரர் முன்னிலையிலேயே கழுவிக் காட்டினர்.

நான்கு குளம்புகளும் அந்தரத்தில் இருந்தன! ஆனால் ஓவியர்கள் நூற்றாண்டுகளாகத் தீட்டி வந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கும் நிலையில் அன்று. நான்கையும் வயிற்றின்கீழ் மடக்கிக் குவித்த நிலையில். மெய்யான படம் பலருக்குப் பொய்யாகத் தோன்றியது. ஐயம் தீர்க்க மறு ஆண்டே ஒரு கருவி செய்தார் மைப்ரிட்ஜ். சுழலும் கண்ணாடி வட்டில் வரிசையாகத் தீட்டிய உருவங்களை எதிர்த் திசையில் சுழலும் துளைத் தகட்டின் வழியே திரையில் வீழ்த்தும் ‘ஜூப்ராக்சிஸ்கோப்’ அது. துளைகள் உருவத்தைக் குறுக்கிக் காட்டுமாதலால், குதிரைகளை நீட்டி வரைந்து ஈடுகட்டினார்.

1882-இல் லண்டன் அவரைக் கொண்டாடியது. ராயல் சொசைட்டி அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட இருந்தது. அந்த வேளையில் ஸ்டான்போர்டு தம் நண்பர் டாக்டர் ஸ்டில்மனைக் கொண்டு எழுதுவித்த நூல் வந்து சேர்ந்தது. அதன் முகப்பில் மைப்ரிட்ஜின் பெயர் இல்லை. படங்களும் பெரும்பாலும் அவர் படங்களைப் பார்த்து வரைந்தவை. உள்ளே அவர் கூலிக்கு அமர்த்திய கைவினைஞராக மட்டும் தோன்றினார். சொசைட்டி கட்டுரையை நிறுத்திவிட்டது. ஸ்டான்போர்டின்மேல் அவர் தொடுத்த வழக்கும் தள்ளுபடியாயிற்று. பணம் கொடுத்தவர், யோசனை சொன்னவர், கருவி அமைத்தவர், இரவெல்லாம் கண்விழித்துச் செய்து முடித்தவர் ஆகியோரில் கண்டுபிடிப்பு யாருடையது? ஆய்வுக்கூடத்தில் காலம் கழிக்கும் நம் நண்பர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. என்னளவில் ஐசக்ஸின் பங்கை மறுக்க மாட்டேன். ஆனால் முகப்பில் மைப்ரிட்ஜ் இல்லாத நூலை நேர்மையான நூல் என்றும் சொல்ல மாட்டேன்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு அடைக்கலம் தந்தது. அங்கே 1884 முதல் உலர் தகடுகளைக் கொண்டு மனிதர், விலங்கு, பறவைகளின் இயக்கங்களைப் படமெடுத்து, 1887-இல் 781 தாள்களாக வெளியிட்டார். இம்முறை முகப்பில் அவர் பெயர் இருந்தது. அந்த வரிசைகள் சிலவற்றில் விடுபட்ட படத்துக்கு வேறு படத்தை இட்டு நிரப்பியிருப்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டுபிடித்துள்ளனர். ஓவியருக்கு அது பொருட்டில்லை. அளந்து பார்ப்பவர் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும்.

1888-இல் எடிசனைச் சந்தித்தார். சில ஆண்டுகளில் எடிசனின் கூடத்திலிருந்து பிலிம் சுருளில் ஓடும் படம் வந்தது. கண்ணாடி வட்டு பழம்பொருளாயிற்று. மைப்ரிட்ஜ் சொந்த ஊர் திரும்பி, 1904 மே 8-ஆம் நாள் கிங்ஸ்டனில் காலமானார். அஸ்தியை வோக்கிங்கில் புதைத்து ஒரு கல் நாட்டினர். அதில் அவர் பெயர் ‘மேப்ரிட்ஜ்’ என்று தவறாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது.