யார் இந்த சவேரியார்? மணியடித்து பிள்ளைகளைக் கூப்பிட்ட முத்துக்குளித்துறை பாதிரியார்

டிசம்பர் 3, புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே கோட்டாறு முதல் கோவா வரை கொண்டாட்டம்தான்.

இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் பகுதியில் 1506-ல் பிறந்தவர், 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்குள்ள பரதவர்கள் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனா, தமிழில் ஜெபம் சொல்லித்தர ஆள் இல்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது, தாய்மொழி பாஸ்க். போர்த்துகீசியம் தெரிந்த தமிழர்களை உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார்.

பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கினார். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். அவர் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். கையில் கொடுக்க அச்சுப் புத்தகமா இருந்தது? தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' வந்ததே 1578-ல்தான். படித்ததை வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லித்தரும் வேலை பிள்ளைகளுக்கு. நோயாளிகள் வீட்டுக்கு ஜெபிக்கவும் அவர்களையே அனுப்பினார். பிள்ளைகள் விடாமல் மொய்த்ததில் சாப்பிட, தூங்கக்கூட முடியவில்லை என்பது அவரது கடிதத்திலேயே இருக்கிறது. ஊரில் இருந்த சாமி சிலைகளை உடைக்க அதே பிள்ளைகளைக் கூட்டிப்போனதும் அவர் கடிதங்களில் உண்டு. அதை மறைத்துவிட்டு இவர் கதையைச் சொல்ல முடியாது.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் அவர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை இன்றும் இருக்கு. சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, 1552 டிசம்பர் 3-ல், அந்நாட்டுக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்தார். வயது 46. உடல் கோவாவில் இருக்கிறது.