முறிந்த முதுகு, நிமிர்ந்த உள்ளம்

உடல் நலமாக இருக்கையில் பிறருக்கு உதவுவோர் பலர். தம் உடல் முறிந்த பின்னும் பிறரை எழுப்பி நிறுத்தியவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்.

கொச்சிக்கு அருகேயுள்ள செராய் என்னும் ஊரில் 1925-ஆம் ஆண்டு பிறந்த இவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு வாகன விபத்தில் அவரது முதுகெலும்பு முறிந்தது, கால்கள் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

கால்கள் போனாலும் கைகள் இருந்தன. டாக்டர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கினார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். அவரது உழைப்பால் 1966-ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார், 1986-இல் இறைவனடி சேர்ந்தார்.

அவர் தேர்ந்த துறை நமக்கும் ஒரு பாடம் சொல்கிறது. பாரம் தாங்கி அசைந்தால்தான் எலும்பு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயலிழந்த காலில் எலும்பும் மெலியும்.

விபத்து ஏதுமின்றியே நம் வயதில் சிலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதுண்டு. இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். சிறு வளைவு மாணவர், மாணவியர் இருபாலருக்கும் ஏறக்குறையச் சமமாகவே வரும்; சிகிச்சை வேண்டிய அளவு பெருகும் வளைவோ பெண்களிடமே மிகுதி. இவ்வளைவு உடையோரில், ஆணாயினும் பெண்ணாயினும், பலருக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். பெண்களுக்கோ நடுவயதுக்குப் பின் எலும்பு மேலும் விரைந்து தேயும். எனவே சேமிக்க வேண்டிய காலம் இதுவே. பாலும் கேழ்வரகும் கீரையும் உண்போம். வெயிலில் ஓடி விளையாடுவோம்.

புத்தகப் பை சுமந்ததாலோ, கூனி உட்கார்ந்ததாலோ இந்நோய் வருவதில்லை. ஆகவே பிள்ளையைக் கடிந்து பயனில்லை. ஆயினும் நம் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில், திருமணப் பேச்சுக்கு அஞ்சி, ஒருபுறம் உயர்ந்த தோளைத் துப்பட்டாவால் மறைக்கும் பெண் இருக்கக்கூடும். அன்னையரே, தலை பின்னும்போது மகளின் முதுகையும் பாருங்கள். கைகளைக் கூப்பி முன்னே குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒருபுறம் மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வளரும் வயதில் கண்டுகொண்டால், உடற்கவசம் அணிந்தே பலருக்கு வளைவு பெருகாமல் தடுக்கலாம். மறைத்து வைத்த ஆண்டுகளோ திரும்பி வாரா.

மேரி அம்மையார் தம் சக்கர நாற்காலியை மறைக்கவில்லை. அதிலிருந்தே ஆயிரமாயிரம் பேருக்குக் கைகொடுத்தார். குறையை ஒளிக்காத துணிவையும், குறையுள்ள தோழியை நகைக்காத நல்லுள்ளத்தையும் இறைவன் நமக்கு அருள்வாராக!