குருதியை வாழவைத்தவர்

வெளிறிய முகம், ஓயாத களைப்பு, சில அடி நடந்தாலே மூச்சிரைப்பு. குருதியில் செவ்வணுக்கள் குறையும்போது உடல் காட்டும் அறிகுறிகள் இவை. இக்குருதிச்சோகைக்கு மருந்து தேடிய வழியிலேயே புற்றுநோய்க்கும் மருந்து கண்டவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை வென்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தினார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார்.

உடன்பிறந்தார் இருவரை ‘ஸ்புரூ’ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கவர்ந்து சென்றது. உணவின் சத்தைக் குடல் ஏற்காமல், குருதியை வற்றச் செய்யும் நோய் அது. அத்துயரம் அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

1923இல் பாஸ்டன் நகரை அடைந்த சுப்பாராவ், மருத்துவமனையில் இரவுப்பணி செய்து கொண்டே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்புரூவால் விளையும் குருதிச்சோகையை அம்மருந்து தணித்தது. தமையனையும் தம்பியையும் காக்க இயலாத கைகள் முகமறியாத பலரைக் காத்தன.

அணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. ஆனால், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அவ்வகைச் சத்தை அளித்தபோது நோயே விரைந்து வளர்வதாக மருத்துவர் சிட்னி ஃபார்பர் கண்டார். சோகையைத் தீர்க்கும் சத்து, புற்றணுக்களுக்கும் உணவாயிற்று! அவ்வாறாயின், அச்சத்தின் செயலைத் தடுத்தால் புற்றணுக்கள் ஒடுங்குமன்றோ? சுப்பாராவின் குழு, அமிலத்தின் வடிவைச் சிறிதே மாற்றி அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளை ஆக்கித் தந்தது. அதனைப் பெற்ற 16 குழந்தைகளுள் பத்துப் பேரிடம் நோய் தணிந்ததை ஃபார்பர் 1948 சூனில் வெளியிட்டார். புற்றணுக்கள் ஒடுங்கவே, செவ்வணுக்கள் மீண்டும் பெருகின. அந்நலம் நிலைக்கவில்லை எனினும், புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. அவ்வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது.

அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், 53ஆம் அகவையில் சுப்பாராவ் மறைந்தார். புகழை நாடாத அவர் பெயரைப் பலர் அறியார். அவர் கண்ட மருந்துகளை உலகம் அறியும்.